வாட்ச்மேனுக்குத் தெரிந்த பெயர்கள்

மருமகளாக அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் காலெடுத்து வைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் ரிப்பேர் பார்க்க வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

தோளில் லேப்டாப் பை, கையில் கேபிள் சுருள், கழுத்தில் கம்பெனி அட்டை. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்ததும், கல்லாவுக்குப் பின்னால் இருந்த வருங்கால மாமியார் முதலில் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மறுபடி எழுந்தார். வீட்டுக்கு வரப்போகும் பெண்ணை எழுந்து வரவேற்பதா, வேலைக்கு வந்த ஆளை உட்கார்ந்தபடி விசாரிப்பதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சுற்றிலும் கண்ணாடி அலமாரிகளில் நூற்றுக்கணக்கான மூக்குக் கண்ணாடிகள் வரிசை கட்டி இருவரையும் வேடிக்கை பார்த்தன.

"கம்ப்யூட்டர் ஆளை அனுப்பறோம்னு சொன்னாங்க. நீ வந்திருக்கியேம்மா."

"நான்தான் அத்தை அந்தக் கம்ப்யூட்டர் ஆளு."

"கம்ப்யூட்டர்ல ஏதோ உத்தியோகம்னு உங்கம்மா சொன்னாங்க. இப்படிப் பையைத் தூக்கிட்டு அலையற வேலைன்னு சொல்லலையே."

"பையைப் பத்திச் சொன்னா நீங்க வேற பொண்ணு பாத்துடுவீங்கன்னு பயந்திருப்பாங்க."

அத்தை ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீக்குச் சொல்லிவிட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் விருந்தாளி ஆகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் அவளுடைய முதலாளி கேட்டிருந்தார்: "உங்க மாப்பிள்ளை வீட்டுக் கடையாச்சே, சங்கடமா இருந்தா வேற ஆளை அனுப்பட்டுமா?" அவள் உடனே, "நானே போறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடிக்காரனை அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. ராத்திரி போனில் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. சிரிக்க வைப்பான், சொன்னதை ஞாபகம் வைத்திருப்பான், அவள் அம்மாவின் முழங்கால் வலியைக்கூட மறக்காமல் விசாரிப்பான். ஆனால் "நீங்க செஞ்சது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்னால் என்ன ஆவான் என்பது போனில் தெரியாது.

அவளுடைய அக்கா புருஷனும் போனில் தங்கமாகத்தான் பேசினார். கல்யாணமாகி முதல் வருஷம், அக்கா ஒருநாள் அவர் வண்டி ஓட்டும்போது வழி தப்பு என்று சொன்னாள். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அக்கா, சுவரில் கடிகாரம் நின்றிருந்தால்கூட, "எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னமோ" என்று ஆரம்பிக்கிறாள். முன்பெல்லாம் கல்லூரி விவாத மேடையில் எதிர் அணியை ஓட ஓட விரட்டியவள் அவள். அதைப் பார்த்த பிறகு தங்கை ஒன்று முடிவு செய்திருந்தாள்: கட்டிக்கொள்ளப் போகிறவன் தப்பு செய்து, அதை எடுத்துச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கல்யாணத்துக்கு முன்னால் வந்தால், விட்டுவிடக்கூடாது. தாங்க மாட்டான் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

"என்ன பிரச்சினை அத்தை?"

"லென்ஸ் அனுப்பற ஃபாக்டரிக்காரன் இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணியோட கதவைச் சாத்தறான். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து ஆர்டர் வந்தா இனிமே எடுக்க மாட்டானாம். அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு ஒரு மாசமா மெயில் மேல மெயில். என் பையனும் அமுக்கி அமுக்கிப் பாக்கறான். அது சுத்துது, சுத்துது, கடைசியில முடியலைன்னு கையை விரிச்சுடுது. லென்ஸ் வரலைன்னா நான் என்ன, வெறும் ஃப்ரேமையா மூக்குல மாட்டி அனுப்ப முடியும்?"

"எத்தனை கம்ப்யூட்டர்?"

"இங்க ஒண்ணு, கண் பாக்கற ரூம்ல ஒண்ணு, பின்னாடி மாமாகிட்ட ஒண்ணு. மெஷினெல்லாம் கிழடாயிடுச்சு, மாத்தித்தான் ஆகணும்னு இவன் சொல்றான். ஆறு மணிக்குள்ள மூணு புதுசுக்கு நான் எங்க போவேன்?"

அப்போது கண் பரிசோதனை அறையின் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுடன் அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தில் வந்த சிரிப்பை அம்மாவுக்காகப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டான்.

"வாங்க" என்றான். போனில் 'நீ'தான்.

"வந்துட்டேங்க" என்றாள் அவளும், கழுத்து அட்டையைச் சரிசெய்தபடி.

அவன் விவரமாகச் சொன்னான். குப்பையைத் துடைத்தது, இடத்தைக் காலி செய்தது, அப்டேட் சம்பந்தப்பட்ட கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி முயன்றது, ஒரு கணினியை முழுதாகத் துடைத்துப் புதிதாக ஏற்றியது. சொல்லும் முறையிலேயே கெட்டிக்காரன் என்று தெரிந்தது. கடைசியில், யாரும் கேட்காமலே, "வாட்ச்மேன் மேல தப்பில்லை. அதை நான் முதல்லயே பாத்துட்டேன்" என்றான்.

"வாட்ச்மேனா?"

அத்தை பெருமையோடு கல்லாவுக்கு அடியில் கை காட்டினார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, ரப்பர் பேண்டால் மேசைக் காலோடு கட்டப்பட்டிருந்தது. "இவனே செஞ்சது. அதுக்கப்புறம் இந்தக் கடையில ஒரு விளம்பரம் வந்ததில்லை. ஈ காக்கா உள்ள நுழையாது."

அவளுக்குப் பெட்டியைப் பார்த்ததும் புரிந்தது. கணினி எதுவானாலும், இணையத்தில் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் பெயரைச் சொல்லி முதலில் முகவரியைக் கேட்கும். பதில் சொல்கிற இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர். மற்ற கடைகளில் இணைய இணைப்புக் கொடுப்பவரே அதையும் கொடுத்துவிடுவார். இங்கே மூன்று கணினிகளும் இந்தப் பெட்டியிடம்தான் கேட்கின்றன. விளம்பரக்காரர்களின் பெயரைக் கேட்டால், பெட்டி முகத்தில் சலனமே இல்லாமல் அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லிவிடும்.

"பெரியப்பா, தாத்தா, சித்தி எல்லாருக்கும் இதுதான் வழிகாட்டுது" என்றார் அத்தை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கொஞ்சம் நெளிந்தான். "மெஷின்களோட பேரு. நெட்வொர்க்ல ஏதாவது பேரு வைக்கணுமே. லென்ஸ் வெட்டற மெஷின் எப்பவும் உறுமிட்டு, தண்ணி குடிச்சிட்டே இருக்கும். அது பெரியப்பா. ஃப்ரேமோட உள்விளிம்பைத் தடவித் தடவி அளவெடுக்கிறது தாத்தா. பிரிண்டர் சித்தி. ஒண்ணு கேட்டா மூணு தரும்."

"உங்க நிஜப் பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துல சொல்லிடாதீங்க."

அவள் கல்லாக் கணினியின் முன் குனிந்து, கறுப்புத் திரையைத் திறந்தாள். அப்டேட் வரவேண்டிய சர்வரின் பெயரை அடித்து முகவரி கேட்டாள். வாட்ச்மேனிடமிருந்து வெறும் பூஜ்ஜியங்கள் வந்தன; அப்படி ஓர் ஆளே இல்லை என்று அர்த்தம். அதே பெயரை வெளியிலிருக்கும் ஒரு பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டாள். சுளையாக ஒரு முகவரி வந்தது.

அவ்வளவுதான். ஒரு மாதமாக இந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்குக் காரணம், ரப்பர் பேண்டில் கட்டிக்கிடந்த அந்தப் பெட்டி. அவள் நிமிர்ந்தாள். அவன் எதிரில் நிற்கிறான். பக்கத்தில் அவனைப் பெற்றவள். வேண்டும் என்று கேட்டாலும் இதைவிடத் தோதான சந்தர்ப்பம் அமையாது. குரலை இறக்காமலே சொன்னாள்.

"கம்ப்யூட்டருங்க நல்லாத்தான் இருக்கு. வாட்ச்மேன்தான் தடுக்குது."

"வாய்ப்பே இல்லை. அந்தத் தடையை நான் போன மாசமே எடுத்துட்டேன்."

"அப்ப முன்னாடி இருந்துதா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அத்தைதான் பதில் சொன்னார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு லாரி டிரைவருக்கு வெளிநாட்டுல சொல்லி வரவழைச்ச லென்ஸ். மாமா வெட்டிட்டிருக்காரு, பாதியில கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு அப்டேட் ஏறுது. மெஷின் இடம் தெரியாம மறுபடி கடிச்சு, லென்ஸ் போச்சு. அந்த மனுஷன் மறுபடி லென்ஸ் வர்ற வரைக்கும் வண்டி எடுக்கல. மாமா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அப்பதான் இவன், இனிமே அப்டேட்டுங்கிற பேச்சே இந்தக் கடைக்குள்ள வரக்கூடாதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சான்."

"ஃபாக்டரி மெயில் வந்ததும் எடுத்துட்டேன். நானே என் கையால" என்றான் அவன்.

"எடுத்திருக்கீங்க. ஆனா இன்னும் தடுத்திட்டிருக்கு. இதோ பாருங்க, பூஜ்ஜியம்."

"அது உங்க சோதனையில ஏதோ கோளாறு" என்றான். உள்ளே ஒரு நோயாளி காத்திருந்தார். அவன் திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினான். சாத்துவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் வேகமாக.

அந்தச் சத்தம் அவள் காதில் அக்கா வீட்டுக் கதவுபோலக் கேட்டது. சரி, தெரிந்துபோயிற்று என்று நினைத்தாள். கோபத்தை வேலையில் காட்டுவது அவளுடைய பழக்கம். மூன்று கணினிகளிலும் டிஎன்எஸ் அமைப்பைத் திறந்து, வாட்ச்மேனின் முகவரியை அழித்துவிட்டு, வெளியிலிருக்கும் பொது டிஎன்எஸ்ஸின் எண்ணைப் போட்டாள். மற்ற இரண்டு கணினிகளுக்கும் அருகே போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கல்லாவிலிருந்தே மாற்றினாள். அப்டேட் பொத்தானை அமுக்கினாள். ஒரு மாதமாக வெறுமனே சுற்றிய வட்டம் நின்றது. பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

"அத்தை, இறங்குது."

அத்தை கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அடி என் கண்ணே. வந்த டீ இன்னும் ஆறல, வேலையை முடிச்சுட்டியே."

அவள் கொஞ்சம் கர்வத்தோடுதான் டீக் கோப்பையை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோவதற்குள் பின்பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. அதிகம் பேசாத மனிதர். பேசினால் சுருக்கமாக இருக்கும்.

"பெரியப்பாவைக் காணோம்."

"என்னது?"

"ஃப்ரேம் அளவைத் தாத்தா எடுத்துட்டாரு. பெரியப்பாவுக்கு அனுப்பினா, அப்படி ஒருத்தர் இல்லைங்குது. சித்தியும் இல்லையாம்."

கடையில் கண்ணாடிக்காகக் காத்திருந்த பள்ளிக்கூட டீச்சர், படித்துக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "யாருக்கு என்ன ஆச்சுங்க? பெரியவங்களுக்கு உடம்பு முடியலையா? வேணும்னா நான் நாளைக்கு வந்து கண்ணாடி வாங்கிக்கறேன்."

"அய்யோ, அது மெஷினுங்க" என்றார் அத்தை.

பரிசோதனை அறைக் கதவும் திறந்தது. "அம்மா, சித்தி கிடைக்கலை" என்று அவன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கல்லாத் திரையையும் அதில் திறந்து கிடந்த அமைப்பையும் பார்த்தான். ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிட்டது.

"என்னைக் கேக்காம டிஎன்எஸ்ஸை வெளிய மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"உலகத்துல இருக்கிற எல்லா சர்வரோட முகவரியும் அங்க தெரியும். எங்க பெரியப்பாவை அங்க போய் விசாரிச்சா யாருக்குத் தெரியும்? வீட்டாளுங்க பேரு வாட்ச்மேனுக்கு மட்டும்தானே தெரியும்."

டீச்சர் மெல்லச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஒருமுறை மகனையும் ஒருமுறை அவளையும் பார்த்துவிட்டு, என்ன நடக்கப் போகிறது என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காது சூடாகியது. படித்த முதல் வருஷமே சொல்லித் தருகிற விஷயம் இது. டிஎன்எஸ்ஸை மாற்றுவதற்கு முன் உள்ளே யாரெல்லாம் அதை நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரியப்பா, தாத்தா, சித்தி என்று அத்தை வாய்விட்டு வேறு சொல்லியிருந்தார். கேட்டுச் சிரித்தாளே தவிர, யோசிக்கவில்லை. சாத்தின கதவின் மேலிருந்த கோபம்.

சமாளிக்க வழி இருந்தது. எடுத்த எடுப்பில் நாக்கு நுனிக்கு வந்ததும் அதுதான்: 'இது எனக்குத் தெரியும், தற்காலிகமாத்தான் மாத்தினேன்.' இன்னொரு வழியும் இருந்தது. பெரியப்பாவின் முகவரியையும் சித்தியின் முகவரியையும் மூன்று கணினியிலும் கையால் எழுதி வைத்துவிடலாம். எல்லாம் ஓடும். ஆறு மணிக்குள் வேலை முடியும். வாட்ச்மேன் மேசைக்கடியில் சும்மா கிடக்கும். யார் மேல் தப்பு என்ற பேச்சே வராது. அவனும் தப்பித்தான், இவளும் தப்பித்தாள். அப்புறம் என்றைக்காவது ஒரு மெஷினின் முகவரி மாறும், கடை நிற்கும், இரண்டு பேரும் மற்றவர் முகத்தைப் பார்க்காமல் காரணம் தேடுவார்கள்.

அவனைச் சோதிக்கத்தானே வந்தோம், நம்முடைய முறை முதலில் வந்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "கேட்டுட்டு மாத்தியிருக்கணும். கோவத்துல மாத்திட்டேன். இப்ப வாட்ச்மேனோட பக்கத்தைத் திறங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பாத்துடலாம்."

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு எதிரில் ஆள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தான். "பாருங்க. என் தடைப் பட்டியல். காலி."

"அது சரி. யாரு என்ன கேட்டாங்க, என்ன பதில் சொன்னோம்னு ஒரு பக்கம் இருக்குமே, அதைக் காட்டுங்க. நான் மாமாவோட கம்ப்யூட்டரைத் திரும்ப வாட்ச்மேன் பக்கம் திருப்பறேன்."

திருப்பினாள். பின்பக்கத்தில் பெரியப்பா உடனே உறுமினார். "வந்துட்டாரு" என்று மாமாவின் குரல் கேட்டது. அதே நேரத்தில் திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. பெரியப்பா, பச்சை. ஃபாக்டரி, பச்சை. பிறகு அப்டேட் சர்வரின் பெயர். சிவப்பு. இன்னொரு பெயர், சிவப்பு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். கோட்டு நுனியில் துடைத்தான். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். சிவப்பு போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது அதிகம். அவள் கல்லா மேல் இருந்த ஃப்ரேம் ஒன்றை எடுத்து, அதன் கையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அக்கா புருஷனாக இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பார். இல்லையென்றால் பெட்டி பழையது என்பார், கரெண்டு ஏற்ற இறக்கம் என்பார்.

"இது நான் போட்டது இல்லையே" என்றான் மெதுவாக. சிவப்பு வரி ஒன்றின் மேல் சொடுக்கினான். "ஓ."

"என்ன?"

"விளம்பரத்தைத் தடுக்கறதுக்குன்னு வெளியில யாரோ தயார் பண்ணின பட்டியல். ஆரம்பத்துல சேர்த்தது. வாராவாரம் தானா வளரும். அதுல என்னென்ன இருக்குன்னு நான் படிச்சதே இல்லை. எவனோ ஒரு புண்ணியவான் அப்டேட் பேரையும் அதுல ஏத்தி வச்சிருக்கான்." அவன் தலையைச் சொறிந்தான். "நான் போட்ட தாழ்ப்பாளை நான் எடுத்துட்டேன். பின்னாடி வேற ஒருத்தன் பூட்டே போட்டு வச்சிருந்திருக்கான்."

பிறகு அவனாகவே திரும்பினான். "அம்மா, ஒரு மாசமா மெஷின் சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தேன்ல? மெஷினெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப யாரு சரியில்லை?"

"நான்தான்."

"அது எனக்கு உன்னைப் பெத்த நாள்ல இருந்து தெரியும். இப்ப அப்டேட்டுக்கு என்ன வழி?"

டீச்சர் விடைத்தாளால் வாயை மூடிக்கொண்டார். அவளும் சிரித்தாள், அவனும் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் மடித்து வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் முழுசாக விரிந்தது.

அதன்பிறகு வேலை ஓடியது. அவள் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவன் அனுமதிப் பட்டியலில் ஏற்றினான். "இதோட நிறுத்திடலாமா?" என்றான். "பொறுங்க, கோப்பு இறங்குற இடம் வேற பேரு" என்றாள். "அட, ஆமா." மற்ற இரண்டு கணினிகளும் வாட்ச்மேனிடமே திரும்பி வந்தன. வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. நடுவில் அவன், "அதைச் சொடுக்காதே, அது பழைய பக்கம்" என்று சொல்லிவிட்டு, அம்மா முன்னால் 'நீ' போட்டதை உணர்ந்து நிமிர்ந்தான். அத்தை பில் புத்தகத்தைப் படுமும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி தாண்டியபோது கல்லாக் கணினியும் பரிசோதனை அறைக் கணினியும் அணைந்து எழுந்து புதுசாக நின்றன. மாமாவின் கணினிதான் பாக்கி. அப்டேட் ஏறிவிட்டது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. அவளும் அவனும் பின்பக்கம் போனார்கள்.

சின்ன அறை. பெரியப்பா தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு லென்ஸை உருட்டி வெட்டிக்கொண்டிருந்தது. மாமா மூக்கு நுனியில் கண்ணாடியோடு குனிந்து நின்றிருந்தார். இவர்கள் வந்த காரணம் தெரிந்ததும் எழுந்து, மவுஸை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மாவோட ரெண்டாவது லென்ஸ். முடியட்டும்."

"அப்பா, ஆறு மணிக்குள்ள..."

"முடியட்டும்டா."

வாசலில் அத்தை வந்து நின்றார். "ஏங்க, ஒரு லென்ஸைப் பாத்தா ஊர் லென்ஸெல்லாம் போயிடும். குடுங்க அந்த எலியை."

மாமா காதில் வாங்கவில்லை. மகன் பொறுமையிழந்து ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் அவன் கோட்டு நுனியைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உறுமல் சத்தத்தில் கேட்பதற்காகக் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"மாமா, நீங்க லென்ஸை முடிங்க. இந்தக் கம்ப்யூட்டர் தானா அணையாதபடி அமைப்பை மாத்திட்டேன். இன்னைக்கு மட்டும் இல்லை, எப்பவுமே. அப்டேட் வந்து காத்திருக்கும். நீங்க பொத்தானை அமுக்கினாத்தான் அணையும்."

"நான் அமுக்கலைன்னா?"

"அத்தை வந்து திட்டுவாங்க. கம்ப்யூட்டர் ஒண்ணும் செய்யாது."

மாமா அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "டிரைவர் லென்ஸ் போன அன்னைக்கு இதை யாரும் சொல்லலையே."

"அன்னைக்கு நான் இந்த வீட்டுல இல்லையே மாமா."

சொன்ன பிறகுதான், இன்றைக்கும் இன்னும் இல்லையே என்பது அவளுக்கு உறைத்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.

பெரியப்பா ஒருவழியாக ஓய்ந்தது. மாமா லென்ஸை எடுத்துத் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். அவசரப்படவே இல்லை. அத்தை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாமா சட்டைப் பையிலிருந்து மவுஸை எடுத்து வைத்து, தானே பொத்தானை அமுக்கினார். திரை கறுத்தது. நால்வரும் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்கள் ஏறின. ஓர் இடத்தில் நெடுநேரம் நின்றன. "செத்துப் போச்சா?" என்றார் மாமா. "யோசிக்குது" என்றாள். நின்ற எண் குதித்து ஓடியது. பழைய படமே புதுத் துல்லியத்தோடு திரையில் வந்தது.

அத்தை முன்பக்கம் ஓடினார். ஃபாக்டரியின் பக்கத்தைத் திறந்து, இரண்டு விரல்களால் ஓர் ஆர்டரை அடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மூன்று கணினிகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அத்தை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சித்தியிடம் அனுப்பினார். சித்தி மூன்று பிரதி கொடுத்தாள்.

டீச்சர் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் கேபிளைச் சுருட்டப் பரிசோதனை அறைக்குப் போனபோது அவனும் பின்னாலேயே வந்தான். சுவரில் எழுத்துப் பலகை, நடுவில் உயரமான நாற்காலி. அவள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நான் வாட்ச்மேனைச் சொன்னதும் கதவை அப்படிச் சாத்தினீங்களே."

"கோவம் வந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள வந்து உக்காந்தா, நோயாளி பலகையில இருக்கிற எழுத்தை எல்லாம் தப்புத் தப்பாப் படிக்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தப்பாப் படிச்சாத்தானே எனக்கே வேலை. அவரு அதுக்காகக் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனாரா என்ன?" அவன் சுவரில் சாய்ந்தான். "ஆனா இனிமேலும் கோவம் வரும். அதை இப்பவே சொல்லிடறேன். கொஞ்ச நேரம் கதவு சாத்தியிருக்கும். திறந்துடுவேன்."

"எனக்கும் வரும். நான் கதவெல்லாம் சாத்த மாட்டேன். எதையாவது மாத்தி வச்சுடுவேன்."

"அதைத்தான் பாத்தேனே."

அக்காவிடம் இன்றைக்கு ராத்திரி பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எப்படி என்று அவள் கேட்காமல் இருக்க மாட்டாள். தப்பு செய்கிறவர்தான், ஆனால் காட்டினால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறவர் என்று சொல்லலாம்.

"பத்திரிகையை நாளைக்கு அச்சுக்குக் குடுத்துடலாமாடி?" என்று வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "உங்கப்பா போன் பண்ணாரு."

"குடுத்துடலாம் அத்தை" என்று அவள் உள்ளிருந்தே சொன்னாள்.

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்புறம், அப்டேட்டுக்கு வாரத்துல ஒரு நேரம் குறிச்சுடணும். இல்லைன்னா மறுபடி சேர்ந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில வச்சுக்கலாமா? கடை லீவு. நிம்மதியா உக்காந்து மூணையும் பாக்கலாம்."

"ஞாயித்துக்கிழமையா? கல்யாணமாகி வர்ற பொண்ணு ஞாயித்துக்கிழமை காலையில வாட்ச்மேனோட உக்காரணுமா?"

"அப்ப எப்ப?"

"புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. மாமா மெஷினை நிறுத்தியிருப்பாரு. நானே என் கம்பெனிப் பையைத் தூக்கிட்டு வந்துடறேன். நீங்க எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.